பூ கேட்கிற டெப்போ

அந்த டெப்போவில் சிக்கலான முடிவு எதையும் மனிதர்கள் எடுப்பதில்லை. டீசல் பங்குக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், கையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிற முனியப்பன்தான் எடுப்பார். கொல்லிமலைக்கு ஏறும் பேருந்துகள் புறப்படுகிற அரசுப் பணிமனை அது. சேந்தமங்கலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவில் இருந்தது.

எந்தக் காலத்திலோ மலை டூட்டிக்கு யார் போவது என்று இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அப்போதிருந்த கிளை மேலாளர் இருவரையும் முனியப்பன் முன்னால் நிறுத்திப் பூ கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூ கேட்கிற ஊர்தானே, பஸ்ஸுக்குக் கேட்டால் என்ன என்று யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம். மேலாளர் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இலையில் இரண்டு பொட்டலம் கட்டுவார். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்ததும், வாசல் கூட்டுகிற ஆத்தாயி வந்து ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். சாமி சொல்லாத வார்த்தையை மனுசன் பார்க்கக்கூடாது என்பது டெப்போவின் சட்டம். மேலிடத்திலிருந்து வருகிற சுற்றறிக்கைகளைவிட அந்தச் சட்டத்துக்கு அங்கே மரியாதை அதிகம்.

தீனதயாளன் பதவி உயர்வில் இந்த டெப்போவுக்குக் கிளை மேலாளராக வந்தபோது, இந்தப் பழக்கத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். இரண்டாம் வாரமே தானும் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார். மனிதர் கெட்டவரில்லை, சோம்பேறியுமில்லை. ஆனால் பயந்தவர். தொலைபேசி மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். மேலதிகாரி என்ன சொல்வாரோ, யூனியன்காரர்கள் என்ன சொல்வார்களோ, வாட்ஸ்அப் குழுவில் யார் எதைப் போடுவார்களோ என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பார். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே தலை சுற்றும் என்பதால், மலைக்கு பஸ் விடுகிற டெப்போவின் மேலாளர் ஒருநாள்கூட அந்த பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனதில்லை. இப்படிப்பட்டவருக்கு முனியப்பனைவிட நல்ல துணை யார் கிடைப்பார்கள்? பழி வந்தால் அவர்மேல் போகும், அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது.

ஐப்பசி மழைக்கு நடுவில், புதிதாகப் பதவி உயர்வு பெற்ற மேலாளர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி என்று சேலத்துக்குக் கூப்பிட்டார்கள். சூரமங்கலத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில் வகுப்பு. நடத்தியது யுவஸ்ரீ என்கிற சின்ன வயதுப் பெண். பெரிய படிப்பெல்லாம் படித்திருந்தும் அதட்டாமல் பேசினாள். அதுவே தீனதயாளனுக்குப் பயமாக இருந்தது. அதட்டுகிறவர்களிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். பொறுமையாகக் கேட்கிறவர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. சமீபத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் எழுப்பினாள். ஒருவர் உணவகம் மாற்றியதைச் சொன்னார், ஒருவர் டிரைவர்களின் ஓய்வறைக்கு மின்விசிறி போட்டதைச் சொன்னார். தீனதயாளன் எழுந்து, எங்கள் டெப்போவில் எல்லாரும் கலந்து பேசித்தான் எதையும் செய்வோம் என்றார். முனியப்பனோடு கலந்து பேசுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். அவள் விடவில்லை.

"அது நல்ல விஷயம் சார். ஆனா, தப்பாப் போனாலும் 'நான்தான் பண்ணேன்'னு நீங்க சொல்ற மாதிரி ஒரு முடிவு இருக்கா?"

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நோட்டைப் புரட்டித் தேடுவதுபோல் பாவனை செய்தார். பரவாயில்லை, அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவள் மறந்திருப்பாள். தீனதயாளன் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே வந்தார். முடிவு எடுப்பதா? அதுவும் தன் பேரிலா? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் போலிருந்தது.

பயிற்சி முடிந்து சில நாள் கழித்து, மலையில் சந்தை கூடுகிற நாள் வந்தது. காலையிலிருந்து தூறல். சந்தை பஸ்ஸை ஓட்ட வேண்டிய டிரைவர் சென்னிமலை, வண்டியை எடுக்காமல் மேலாளர் அறை வாசலில் வந்து நின்றார். ஐம்பதை நெருங்குகிற மனிதர். மலைப்பாதையில் தலை நரைத்தவர். அனாவசியமாக வந்து நிற்கிற ஆளில்லை.

"ஏர் நிக்க மாட்டீங்குதுங்க சார். நிறுத்தி வெச்சா மீட்டர் முள்ளு எறங்குது. ஓட்டுனா ஏறிக்குது. தரையில ஒண்ணுந் தெரியலீங்க. மலையில எப்படீன்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

மலை இறக்கத்தில் பிரேக்குக்குக் காற்று நிற்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று யாரும் தீனதயாளனுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் இன்ஜினியர். தலைமை மெக்கானிக் ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டார். ஷஃபியுல்லா வண்டிக்கு அடியில் புகுந்து ரொம்ப நேரம் பார்த்தார். சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். கசிவு இருக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை, கழற்றிப் பார்க்க அரை நாளாவது வேண்டும், போகலாம் என்றும் சொல்ல முடியவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை என்றார். ஸ்பேர் பஸ் இருக்கிறதா என்றால், இருந்ததெல்லாம் கோயில் விசேஷத்துக்குச் சிறப்புப் பேருந்தாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து போன் வந்தது. கோட்ட மேலாளரின் குரல் எப்போதும் பக்கத்து அறைக்கும் சேர்த்துக் கேட்கும். போன வாரம் ஒரு மலை டிரிப் ரத்தாகி, சந்தைக்குப் போகிறவர்கள் மறியல் செய்து, செய்தியில் வந்து, தான் பட்ட பாடெல்லாம் போதும் என்றார். இன்றைக்கு எந்த டிரிப்பாவது கட் ஆனால் முதல் மெமோ தீனதயாளனுக்குத்தான் என்றார். பிரேக் விஷயத்தைச் சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்துச் சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை.

வெளியே வந்தால், சென்னிமலை இவரைப் பார்க்கிறார். ஷஃபியுல்லா பார்க்கிறார். கண்டக்டர் மோகன்குமார் டிக்கெட் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பார்க்கிறார். பிறகு, ஷஃபியுல்லாவைத் தவிர மற்ற எல்லாரும் ஒருசேர வேப்பமரத்தைப் பார்த்தார்கள். நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன், மற்றது உங்கள் பாடு என்பதுபோல் ஷஃபியுல்லா கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார். பூ கேட்கிற நேரத்தில் அவர் எப்போதும் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்வார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தீனதயாளன் செருப்பைக் கழற்றிவிட்டு முனியப்பன் முன்னால் போனார். ஆத்தாயி பறித்து வைத்திருந்த அரளிப்பூக்கள் தட்டில் இருந்தன. எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் இலையில் வெள்ளையை வைத்துக் கட்டினார். இரண்டாவது இலையை எடுத்தார். சிவப்பை எடுக்கக் கையை நீட்டினார். சிவப்பு வந்துவிட்டால்? டிரிப் கட். அந்தக் குரல். மெமோ. செய்தி. சாமி சொன்னது என்று கோட்ட மேலாளரிடம் சொல்ல முடியுமா? கை தட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அது வெள்ளைப் பூவை எடுத்தது.

கைதான் செய்தது, நான் செய்யவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அந்தக் கதை அவரிடமே எடுபடவில்லை. இரண்டாவது பொட்டலத்தைக் கட்டி, நூலை இறுக்கி, முதல் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தவர் அவர்தான். தலையை நிமிர்த்தி முனியப்பனின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஆத்தாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாமி, நல்ல வாக்காக் குடு என்று கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. சுற்றி நின்ற எல்லாருக்கும் மூச்சு வந்தது. சென்னிமலையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அவரே சொல்லிப்போட்டாருங்க. இனி எனக்கென்னங்க பயம்?"

அந்த வெள்ளை அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்தார். வண்டி கிளம்பி, கேட்டைத் தாண்டி, தூறலுக்குள் போய்விட்டது.

அவர் முகம் மலராமல் இருந்திருந்தால்கூடத் தீனதயாளன் தாங்கியிருப்பார். பயத்தோடு போகிற டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் முள்ளைப் பார்ப்பான். சந்தேகம் வந்தால் ஓரங்கட்டுவான். இந்த மனிதரோ பயத்தை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். இனி எழுபது வளைவிலும் முள்ளைப் பார்க்கமாட்டார், பூவைத்தான் பார்ப்பார். மாலையில் அதே வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கி வரவேண்டும்.

எடுக்காத பொட்டலம் அவர் சட்டைப்பையில் இருந்தது. கிணற்றில் போடுவதற்காகப் போனார். போட்டுவிட்டால் முடிந்தது, உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நல்லபடியாகப் போய்விட்டு வந்தால் முனியப்பன் புண்ணியம். வராவிட்டாலும் முனியப்பன் சொன்னதுதான். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். இதற்கு முன் போட்ட பொட்டலங்கள் தண்ணீரில் ஊறி மிதந்தன. அப்போதுதான் அந்தப் பெண் யுவஸ்ரீ கேட்டது நினைவுக்கு வந்தது. நான்தான் பண்ணினேன் என்று சொல்கிற மாதிரி ஒன்று. இதோ இருக்கிறது, சட்டைப்பைக்குள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் கேட்காமல் அவர் எடுத்த ஒரே முடிவு இதுதான். அதையும் சாமியின் பேரில் எழுதிவிட்டு வந்து நிற்கிறார். மெமோவுக்குப் பயந்த பயமெல்லாம் அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

மோகன்குமாருக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. சந்தைக் கூட்டத்துக்கு டிக்கெட் போடுகிற கண்டக்டர் எங்கே எடுப்பான்? எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாததால், எடுக்காமல் இருந்தால் தேவலை என்றும் ஒரு மூலையில் தோன்றியது. அதை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. பட்டறைக்கு ஓடினார். உங்கள் பைக்கை எடுங்கள், அடிவாரத்துக்குள் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று ஷஃபியுல்லாவிடம் சொன்னார்.

சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் போய்ப் பார்த்தால் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. படியெல்லாம் கூட்டம் என்றார்கள். மழை வலுத்துவிட்டது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ஷஃபியுல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து தீனதயாளன் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டிலும் வெள்ளை வைத்ததைச் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை, இவருக்குக் கேட்டிருக்குமா என்று சந்தேகமாக இருந்தது. ஷஃபியுல்லா வண்டியின் வேகத்தைக் கூட்டினார். முன்னால் மலை கறுப்பாக, மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

அடிவாரச் செக்போஸ்ட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. மோகன்குமார் இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடுகிறது. தீனதயாளன் பைக் நிற்பதற்குள் குதித்து, கால் இடறி, எழுந்து ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சேறு அப்பிய பேண்டோடு மழையில் நிற்கிறவரைப் பார்த்து உள்ளே சில பேர் சிரித்தார்கள்.

வண்டி மலை ஏற வேண்டாம், எல்லாரும் இறங்குங்கள் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்று சத்தம் கிளம்பியது. சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலம் வரை இங்கே கிடப்பதா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சென்னிமலை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை. அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது.

"சாமி வாக்குக் குடுத்திருக்குதுங்க சார். அதுக்கு மேல நீங்க எதுக்குங்க குறுக்க வாரீங்க?"

சரியான கேள்வி. டிரைவரை ஆமோதித்து பஸ்ஸே தலையாட்டியது. பிரேக்கை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார் தீனதயாளன். சொல்லியும் பார்த்தார். சென்னிமலை கேட்கவில்லை. முனியப்பனுக்குத் தெரியாதது ஷஃபியுல்லாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். மேலாளரின் பேச்சு அந்த வெள்ளைப் பூவுக்கு முன்னால் செல்லாது. இத்தனை மாதமும் அந்தப் பூவுக்குப் பின்னால் ஒளிந்து, அதைத் தன்னைவிடப் பெரிதாக வளர்த்துவிட்டவர் அவரேதான்.

சட்டைப்பையிலிருந்து நனைந்த பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். சென்னிமலை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பார்ப்பதற்கே அவருக்குப் பயம். படியில் ஏறி, எல்லாரும் பார்க்க, தீனதயாளனே நூலை அறுத்துப் பிரித்தார். இலைக்குள் கசங்கிப்போய் வெள்ளை அரளி கிடந்தது.

"ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். சாமி ஒண்ணுமே சொல்லலைங்க, சென்னிமலை. மெமோவுக்குப் பயந்துக்கிட்டு நாந்தான் உங்களை அனுப்பினேன்."

அடிப்பார் என்று நினைத்தார் தீனதயாளன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சென்னிமலை அவர் கையிலிருந்த பூவைப் பார்த்தார், பிறகு கண்ணாடியோரம் இருந்த பூவைப் பார்த்தார். மெதுவாக இன்ஜினை நிறுத்தினார்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க சார்" என்றார்.

இறங்கிப் போய் செக்போஸ்ட் கூரைக்குக் கீழே சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஜனங்கள் திட்டினார்கள், யாரோ வீடியோ எடுத்தார்கள், கோட்ட மேலாளரின் குரல் போனில் வெடித்தது. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று அவர் கேட்டதற்கு, யாரையும் கேட்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்றார் தீனதயாளன். பயம் போனதும் தைரியம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஷஃபியுல்லா அன்று மாலை முழுக்கக் கழற்றிப் பார்த்து, ஓரிடத்தில் வெடிப்பு விட்ட ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். மலையில் என்ன ஆகியிருக்கும் என்று தீனதயாளன் கேட்டார். தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார் அவர். தீனதயாளன் அந்தக் குழாயைக் கையில் எடுத்து வெடிப்பை வளைத்து வளைத்துப் பார்த்தார். செய்தது சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஒரு துண்டு ஆதாரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் மெமோ வந்துவிட்டது. அதைவிடக் கஷ்டமாக இருந்தது டெப்போவின் மௌனம். சேதி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆத்தாயி வாசலைக் கூட்டியிருந்தாள், முனியப்பனுக்கு விளக்குப் போட்டிருந்தாள், ஆனால் தட்டில் அரளிப்பூ இல்லை. அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கையை அல்லவா அவர் பொய் சொல்ல வைத்தார்.

புதுக் குழாய் மாட்டின வண்டி கிளம்புகிற இடத்தில் நின்றது. சென்னிமலை பக்கத்தில் நின்றார். மலை உச்சியில் மேகம் அப்படியே இருந்தது. நேற்றிலிருந்து இவரோடு பேசாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"போலாங்களா சார்?"

யாரும் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் இவர்மேல். தீனதயாளன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு, முள் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. இறங்கி, ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டு, என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுபடியும் ஏறி முள்ளைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

போகலாம், நான்தான் சொல்கிறேன் என்றார்.

சென்னிமலை தலையை ஆட்டினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டியை நகர்த்தவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினார்.

"நீங்களும் ஏறுங்க சார்."

மரியாதையாகத்தான் சொன்னார். மறுக்கவும் முடியாதபடி சொன்னார். தீனதயாளன் மலையைப் பார்த்தார். ஒருதரம் வேப்பமரத்தையும் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துப் படியேறி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியோரம் பூ எதுவும் இல்லை. செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவு வந்தபோது முன்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மட்டும் மூடவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.